ஒரு செட் மாத்திரையும் இரண்டு இடுப்பு மூட்டும்

இடுப்பு வலிக்கிறது, கொஞ்சம் நொண்டுகிறேன், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றால் நாற்காலியில். தரையில் சம்மணம் போட்டு உட்காருகிற யோகம் எனக்கு இனி இல்லை. ஏழு மாதம் அதை வாயுப் பிடிப்பு என்று சாதித்தவன் நான். எனக்கு இது வேண்டியதுதான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர். துணியை நீளமான மேஜையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு வரைந்து, மெஷினால் வெட்டுகிற வேலை. நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். காலை எட்டரைக்கு மேஜை முன்னால் நின்றால் இரவு எட்டரைக்குத்தான் நகருவேன். எங்கள் ஊரில் இதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். சரக்கு ஏற்றுமதியாகிற ஷிப்மென்ட் நாள் நெருங்கினால் ஒன்றரை என்பது இரண்டாகும். என் மனைவி கோகிலாவும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வருகிற பீஸ்களில் ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குவது அவள் வேலை. ஒரு ஷிப்ட் முடிந்ததும் அனுப்பர்பாளையத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கட்டிங் ஹாலில் என் சத்தம் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு லீவு என்று அர்த்தம். வீட்டிலும் அப்படித்தான். காபி ஆறியிருந்தால் ஒரு சத்தம், செருப்பு இடம் மாறியிருந்தால் ஒரு சத்தம். இருபத்திரண்டு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், நான் கத்தக் கத்தக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். முடிந்ததும், "ஆச்சுங்களா? கை கழுவீட்டு வாங்க, சோறு போடறேன்" என்பாள்.

வலி இடது தொடை இடுக்கில் ஆரம்பித்தது. முதலில் வண்டியில் காலைத் தூக்கிப் போடும்போது ஒரு சுருக். பிறகு பேன்ட் மாட்டும்போது. விளக்கெண்ணெய் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். நான் நொண்டுவதைக் கம்பெனியில் எல்லாரும் பார்த்துவிட்ட பிறகும் நானே ஒப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் மத்தியானம் மேஜையைச் சுற்றி வரும்போது இடது கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி மடங்கிவிட்டது. துணி ரோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செக்கிங்கிலிருந்து ஓடிவந்த கோகிலா என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் ஆட்டோவை வரச் சொன்னாள்.

எலும்பு டாக்டர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார். பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரே எலும்பின் உருவத்தைக் காட்டும். உள்ளே ரத்தம் ஓடுகிறதா, எலும்பு உயிரோடு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து அரை மணி நேரம் டம டமவென்று அடிப்பார்கள். நிட்டிங் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அதில் தூக்கமே வந்துவிட்டது.

படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வியில் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ட்ரிங்க்ஸ் பழக்கம் உண்டுங்களா?"

"சத்தியமா இல்லீங்க."

அவர் என்னை நம்பாமல் கோகிலாவைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்: "இல்லீங்க டாக்டர். கோவம் மட்டுந்தானுங்க அவருக்குக் கெட்ட பழக்கம்."

"வேற மாத்திரை மருந்து ஏதாச்சும் ரொம்ப நாளா சாப்பிடறீங்களா?"

"காச்சலுக்கே மாத்திரை போடமாட்டாருங்க" என்றாள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த வரையில் அது உண்மை.

நோயின் பெயரை டாக்டர் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பிறகு தமிழில் சொன்னார். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து மாதிரி உருண்டையாக இருக்கிறது. அது இடுப்பெலும்பில் இருக்கிற ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. நடப்பது, குனிவது, படி ஏறுவது எல்லாம் அந்தப் பந்தின் புண்ணியம். அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் நூல் மாதிரி மெல்லியவை. அவை அடைபட்டால் பந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். செத்த எலும்பு நம் எடையைத் தாங்காது, ஒருநாள் நசுங்கும். என் இடது பந்து நசுங்கியே விட்டது. வலது பந்தில் இப்போதுதான் ஆரம்பம்.

"எலும்பு சாகுமுங்களா?" என்று கேட்டேன். நாற்பத்தேழு வயது வரை எலும்பு என்றால் சதை தொங்குவதற்காக உள்ளே நட்டுவைத்த கம்பி என்றுதான் நினைத்திருந்தேன்.

"உசிரோட இருக்கறதுதான சாகுமுங்க" என்றார். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே தேன்கூடு மாதிரி சல்லடை, அதற்குள் ரத்தம் உற்பத்தியாகிற மஜ்ஜை. பழைய எலும்பைக் கரைத்து எடுக்க ஒரு கூட்டம், புதிதாகக் கட்ட ஒரு கூட்டம் என்று வாழ்நாள் முழுக்க உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்குமாம். உடம்பின் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய மொத்தமும் அங்கேதான் சேமிப்பில் இருக்கிறதாம். எனக்குள் இத்தனை வருடம் லீவே போடாமல் ஒரு கம்பெனி நடந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

இடது மூட்டை மாற்றியாக வேண்டும். வலதில் பக்கவாட்டிலிருந்து மெல்லிய துளை போட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைத்தால், ரத்தம் மறுபடி ஊறிப் பந்து பிழைக்க வாய்ப்பு உண்டு. பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார். இரண்டும் போனால் கட்டிங் மேஜையை மறந்துவிட வேண்டியதுதான். அந்த வலது பந்துதான் எங்கள் பிழைப்பு என்பது கோகிலாவுக்கும் புரிந்துவிட்டது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என் வலது முழங்காலில் கையை வைத்தவள், ஆட்டோ வரும் வரை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அட்மிட் ஆனேன். மறுநாள் காலையில் ஆபரேஷன். ஆனால் அட்மிட் ஆன அன்று சாயங்காலமே எனக்கு உடம்பு என்னவோ செய்தது. தலை சுற்றியது, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், எழுந்து நின்றால் கண் இருட்டியது. பயத்தில்தான் இப்படி என்று நினைத்தேன். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்துவிட்டு டூட்டி டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண், பேச்சில் திருநெல்வேலி வாடை. கோகிலா கேன்டீனுக்குப் போயிருந்தாள்.

டாக்டர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கன்னம் உப்பியிருக்கிறதே, எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். கம்பெனியில் நான் பூசினாற்போல் ஆகிவிட்டதாகச் சொல்வார்கள், அதைச் சொன்னேன். பிறகு கேட்டார்.

"அண்ணே, உடம்பு வலிக்கு மெடிக்கல்ல செட்டு வாங்கிப் போடுவீங்களா?"

"ஆமாங்க. அது தெனமும் போடறதுதானுங்க."

"பொறவு ஏன் அட்மிஷன் பாரத்துல மாத்திரையே போடறதில்லன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"அது மாத்திரை இல்லீங்களே, செட்டுங்க."

இதைப் படித்து நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில், "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் சின்னக் காகிதக் கவரில் மூன்று மாத்திரை போட்டுத் தருவார்கள். பேர் கிடையாது, டாக்டர் சீட்டு கிடையாது. போட்ட அரை மணியில் உடம்பு லேசாகிவிடும், இன்னும் நாலு மணி நேரம் நிற்கலாம். டீ குடிப்பதை யாராவது மருந்து சாப்பிட்டதாகக் கணக்கு வைப்பார்களா? செட்டும் எங்களுக்கு அப்படித்தான்.

அந்த மூன்றில் குட்டியாக இருக்கிற மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும் என்றார் டாக்டர். சரியான நோய்க்கு, சரியான அளவில் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து. கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் விழுங்கினால் எலும்புக்குப் போகிற ரத்தத்தை அடைக்கும், எலும்பை மெலியவைக்கும். நமக்கு வேண்டிய ஸ்டீராய்டை உடம்பே தினமும் அளவாகச் சுரக்கிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அது தன் வேலையை நிறுத்திவிடும். அட்மிட் ஆவதற்கு இரண்டு நாள் முன்னால் வேலைக்குப் போவதை விட்டதும் செட்டும் திடீரென்று நின்றதால்தான் எனக்கு அந்த மயக்கம். இது தெரியாமல் ஆபரேஷன் செய்திருந்தால் மேஜையிலேயே ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போயிருப்பேன்.

"நல்ல வேளை சொன்னீங்க" என்று எழுதிக்கொண்டே கேட்டார். "யாரு வாங்கித் தருவா?"

நான் வாசல் பக்கம் பார்த்தேன். ஆறு வருடமாக வாங்கித் தந்தவள் அப்போது எனக்காகக் கேன்டீனில் இட்லிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவள், ஆறரை மணி டீ நேரத்துக்கு மறுபடி வண்டியில் கம்பெனிக்கு வருவாள். ஒரு பிளாஸ்க் காபி, இரண்டு வடை, அந்தக் காகிதக் கவர். கேட்டில் நின்று கொடுத்துவிட்டு, நான் விழுங்குகிற வரை பார்த்துவிட்டுப் போவாள். முதலில் ஷிப்மென்ட் நாட்களில் மட்டும், பிறகு வாரம் நாலு நாள், இடுப்பு வலி வந்த பிறகு தினமும். வலியைக் கொடுத்ததும் அதுவே, வலியை மறைத்ததும் அதுவே. ஒருநாள் அவள், "தெனமும் போடறது நல்லதுங்களா?" என்று கேட்டாள். "நீ என்ன டாக்டரா? வாங்கீட்டு வான்னா வாங்கீட்டு வா" என்று கத்தினேன். மறுநாளும் ஆறரைக்குக் கேட்டில் நின்றாள்.

"டாக்டரம்மா, இத என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொல்லீறாதீங்க" என்றேன். "அவ தாங்கமாட்டாளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேஷனை மூன்று நாள் தள்ளிவைத்து, ஊசிகள் போட்டு உடம்பைத் தேற்றினார்கள். எதற்கு இந்த ஊசி என்று கோகிலா கேட்டபோது ரத்தத்தில் ஏதோ சத்துக் குறைவாம் என்றேன். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி இவளிடம் குரலை உயர்த்துவதில்லை. இவள் மனதில் ஒரு சின்ன முள்கூடக் குத்தக்கூடாது.

ஆபரேஷன் என்றால் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், வலி தெரியாது. முதுகுத்தண்டில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே உடம்பு இருப்பதே மறந்துபோகும். காது மட்டும் வேலை செய்யும். துளை போடுகிற சத்தம், சுத்தியல் சத்தம், நடுவில் யாரோ மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டது எல்லாம் கேட்டது. நம் வேலை மாதிரியே இவர்களுக்கும் இது வேலை என்று நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்த நாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். புது மூட்டில் எடை போடலாம், துளை போட்ட வலது காலில் ஆறு வாரத்துக்குப் பாதி எடைதான். கால்களை ஒட்டிவைக்கக் கூடாது என்று இடையில் ஒரு தலையணை வைக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரித் தலையணை சூடாக இருக்கிறது என்று நான் முனகினேன். கோகிலா மறுநாள் பனியன் வேஸ்ட் துணியை அடைத்து ஒரு தலையணை தைத்துக்கொண்டு வந்தாள். குனியாமல் மாட்டிக்கொள்ள வேட்டியின் ஓரத்தில் நாடா வைத்துத் தைத்தாள். என் கால்விரல் நகத்தை என்னைக் கேட்காமலே வெட்டிவிட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். ஆட்டின் எலும்பு என் எலும்பாக மாறும் என்று ஊருக்கே ஒரு நம்பிக்கை. ருசிக்குக் குடியுங்கள், ஆனால் ராகி, கீரை, எள், காலை வெயில் இதெல்லாம் விடாமல் வேண்டும் என்றார் டாக்டர். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவன் வெயிலைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இன்சூரன்ஸ் போக மீதிப் பில்லை வெள்ளகோவிலிலிருந்து வந்த மைத்துனர் எங்களிடம் சொல்லாமலே கட்டிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நாட்கள் மெதுவாக நகர்ந்தன. கோகிலா வேலையை விட்டுவிட்டாள். காலையில் மாடி வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பாள். வாரம் ஒருமுறை எலும்பு கெட்டிப்பட ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த அரை மணியும் அவள் எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். நான் எடுத்த முடிவில் உறுதியாக இருந்தேன். எது கொடுத்தாலும் நல்லாருக்கு கண்ணு என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் நல்ல புருஷனாக இருப்பதாக எனக்கே ஒரு கர்வம். அவள்தான் மெலிந்துகொண்டே போனாள். பேச்சும் குறைந்தது. ஆஸ்பத்திரி அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் மறுபடி எம்.ஆர்.ஐ. வெளியே காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது, தண்ணி வேணுங்களா, வேண்டாம் கண்ணு, அவ்வளவுதான். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். என் கண் அவர் முகத்தில், கோகிலாவின் கண் தரையில்.

"வலது பக்கம் நசுங்கலீங்க. உருண்டை அப்படியே நிக்குது, ரத்தமும் ஊறுது" என்றார். "பொழச்சுக்கிச்சுன்னே சொல்லலாம். இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் பாத்துக்கிட்டே இருக்கோணும். ஒக்காந்து பாக்கற வேலையா இருந்தா அடுத்த மாசம் போலாமுங்க."

நான் கும்பிட்டேன். வெளியே வந்தோம். நடை வழியில் இருந்த பெஞ்சில் கோகிலா உட்கார்ந்தாள். வா போகலாம் என்றேன், எழவில்லை.

"நாந்தானுங்களே" என்றாள்.

"என்ன நீதான்?"

"செட்டு வாங்கியாந்து குடுத்தது நாந்தானுங்களே. அந்த ஊசி எதுக்குன்னு நர்சம்மாகிட்ட அன்னைக்கே கேட்டுட்டனுங்க. என்ற கையாலயே குடுத்து உங்க எலும்பக் கொன்னுபோட்டனுங்க."

மூன்று மாதமாக நான் அவளிடம் மறைத்ததை அவள் என்னிடம் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க திட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தனுங்க. திட்டுனா அழுது தீத்துருப்பேன். நீங்க திட்டவே இல்ல. காபிய ஆற வெச்சுக் குடுத்தேன், நல்லாருக்குன்னீங்க. வேணும்னே ரசத்துல உப்புப் போடாம வெச்சேன், அதையும் நல்லாருக்கு கண்ணுன்னு குடிச்சீங்க. இவரு நம்மள மன்னிக்கவே மாட்டாரு போல, அதான் வேத்தாளாட்டப் பேசறாருன்னு நெனச்சுக்கிட்டனுங்க. தூக்கமே வர்றதில்லீங்க. ஒரு வார்த்த திட்டீருங்க மாமா."

அவளுக்கு வலிக்கக்கூடாது என்று நான் செய்ததெல்லாம் அவளுக்குத் தண்டனையாகப் போயிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். நீ ஒருநாள் கேட்டாய், உன் வாயை அடைத்தவன் நான், தப்பு முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது எனக்குத் தோன்றியது. செக்கிங்கும் நின்றுகொண்டே செய்கிற வேலைதான்.

"நீ போட்டியா?"

அவள் முந்தானையைப் பிசைந்தாள்.

"கோகிலா, உன்னத்தான் கேக்கறேன். நீயும் செட்டுப் போட்டியா?"

"எப்பவாச்சுமுங்க. ஷிப்மென்ட்டு அன்னைக்கி. ரெண்டு வருசமா கொஞ்சம் அதிகமுங்க."

"இடுப்பு வலிக்குதா?"

"எந்திரிக்கறப்ப மட்டும், லேசா."

மூன்று மாதத்துக் கோபம் மொத்தமும் வந்தது. என்னை இந்தக் கோலத்தில் பார்த்த பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தாயே, உனக்கு அறிவிருக்கிறதா, மூளையைச் செக்கிங்கிலேயே ஒதுக்கிப் போட்டுவிட்டாயா, அந்த ரசத்தை மனிதன் குடிப்பானா என்று கத்தினேன். ஆஸ்பத்திரி என்பதே மறந்துபோனது. இரண்டு நர்சுகள் வெளியே வந்து பார்த்தார்கள். எக்ஸ்ரே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. கோகிலா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நடுவில் ஒருமுறை விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தாள்.

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு டோக்கன் கவுன்ட்டர் வரை நானே நடந்தேன். அவள் கை பிடிக்காமல் நான் நடந்த முதல் தூரம் அது. கவுன்ட்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள், கோகிலா என்றேன். வயது கேட்டாள், சொன்னேன்.

"பேஷன்ட் எங்கீங்க?"

"அதா, அந்தப் பெஞ்சுல பாருங்க. அழுதுக்கிட்டே சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா இல்லீங்களா, அவதானுங்க."